பெல்லிடிம்பர் மைனி

குற்றாலம் ஐந்தருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம், ஈரத்துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு சீசனுக்கு முந்திய கதை. குளித்துவிட்டு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு வந்த ஒரு பெண் எனக்கு முன்னால் வந்து நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை இல்லை அது. ரொம்ப நாளாகக் கேள்விப்பட்ட ஆளை நேரில் பார்க்கிற பார்வை.

"ஷாகுல் அண்ணன் வீட்டுலதானே?" என்று கேட்டாள்.

"ஆமா. நீங்க யாரு?"

"நீங்கதானா அந்த பெல்லிடிம்பர் மைனி."

சொன்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வார்த்தையை நான் ஒரே ஒரு ஆள் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். அதுவும் பதினைந்து வருஷத்துக்கு முன்னால், போனில். என் வீட்டுக்காரர் துபாயிலிருந்து சொன்ன வார்த்தை, ஒரு சாரல் நாளில், முகம் தெரியாத ஒருத்தி வாயிலிருந்து எப்படி வருகிறது?

"நான் புளியங்குடி மாரியப்பன் வீட்டுல" என்றாள். "இவுகளும் அண்ணனும் துபாய்ல ஒரே ரூம்லா. அங்கன வேன் நிக்குத இடத்துல அண்ணனப் பாத்துட்டோம். நீலத் துப்பட்டா போட்டுருக்கும், போய்ப் பாருன்னு சொன்னாக. வாங்க மைனி, டீக்கடையில நிக்குதாக."

எழுந்து அவள் பின்னால் போனேன். டீக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் ஏன் அன்றைக்கு அழுதேன் என்று உங்களுக்குப் புரியாது.

முதலில் வீட்டு நிலவரம்

அவர் அதற்கு முந்தின வருஷம்தான் ஊரோடு வந்திருந்தார். இருபத்தாறு வருஷம் அங்கே டிரைவர் வேலை. வந்த அன்றைக்கே பெட்டியைத் தூக்கிப் பரண் மேல் போட்டுவிட்டு, "இனிமே போகல" என்றார். தென்காசியில் எங்கள் தெருவில் இந்த வார்த்தையைக் கேட்பதற்காகவே பாதிப் பெண்கள் உயிரோடு இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஆனால் வந்த பிறகு எங்களுக்குப் பேச ஒன்றுமில்லை.

சண்டை கிடையாது. கோபம் கிடையாது. "குழம்பு உறைக்குதா?" என்று கேட்பேன். "இல்ல, சரியாத்தான் இருக்கு" என்பார். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. அவர் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து செல்போனைப் பார்ப்பார். நான் அடுப்படியில் நிற்பேன். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வரும்போது இதெல்லாம் தெரிந்ததில்லை. இரண்டு மாசம் என்பது விருந்துக்கும் கல்யாணத்துக்கும் அருவிக் குளியலுக்குமே சரியாகப் போய்விடும். தனியாக உட்கார்ந்து நாங்கள் பேசியதே இல்லை என்பது, தனியாக உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

அந்த மனுஷன் வெள்ளிக்கிழமை போனில் எப்படிப் பேசுவார் தெரியுமா? அந்தப் பேச்சு எனக்குத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளை நினைத்து ஏங்குவது என்ன வியாதி என்று எந்த டாக்டரிடம் போய்க் கேட்பது?

வெள்ளிக்கிழமை நாலு மணி

அவர் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு இங்கிலீஷ்கார இன்ஜினியர் இருந்தாராம். வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது, அவர் மனைவி வீட்டுச் சாமான்களை டிரைவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். ஒருவர் இஸ்திரிப்பெட்டியை எடுத்துக்கொண்டார், ஒருவர் மிக்ஸியை எடுத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் ஒரு தலையணை கனத்தில் இருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டார். முழுக்க முழுக்கப் பழைய இங்கிலீஷ் வார்த்தைகள். இங்கிலீஷ்காரர்களே மறந்துபோன வார்த்தைகள்.

அவர் பிளஸ் டூ வரை படித்தவர். இங்கிலீஷ் என்றால் ஒரு கிறுக்கு. அதிகாரி மீட்டிங்கில் இருக்கும் மணிக்கணக்கான நேரமும் காருக்குள் உட்கார்ந்து அதைப் படித்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுது, சாப்பிட்டு, நம்ம ஊர் நேரம் நாலு மணிக்குப் போன் வரும். எல்லாரையும் விசாரித்து முடித்த பிறகு, போனை வைக்கும் முன்னால் ஒரு வார்த்தை சொல்வார். அர்த்தம் சொல்ல மாட்டார். அதை நான் ஒரு வாரம் யோசித்து, அடுத்த வெள்ளிக்கிழமை என் அர்த்தத்தைச் சொல்ல வேண்டும். யாரிடமும் கேட்கக் கூடாது. நான் சொன்ன பிறகுதான் அவர் புத்தகத்தில் இருப்பதைச் சொல்வார். பிறகு புது வார்த்தை.

"எதுக்கு இப்படி இழுத்தடிக்கீய?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அப்பத்தானே அடுத்த வாரமும் போன எடுப்ப" என்றார்.

இல்லாவிட்டால் எடுக்க மாட்டேனா? ஆனாலும் அதில் ஒரு ருசி இருந்தது. அரிசி களையும்போது, பஜாருக்கு ஷேர் ஆட்டோவில் போகும்போது, அந்த வார்த்தை வாய்க்குள்ளேயே உருண்டுகொண்டிருக்கும். வாரம் போவதே தெரியாது.

கேசட் காலம்

இந்த ருசி ஏன் எனக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது என்றால், அதற்கு முன்னால் கேசட் காலம் ஒன்று இருந்தது. சின்ன வயசுக்காரர்களுக்குத் தெரியாது. அங்கே பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். கல்யாணமாகி முதல் கேசட் வந்தபோது நான் குளித்து, புதுச் சேலை கட்டி உட்கார்ந்திருந்தேன். மாமியார், நாத்தனார்கள், அடுத்த வீடு, எதிர்த்த வீடு என்று ஒரு கூட்டமே டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது.

முக்கால் மணி நேரம் பேசினார். உம்மாவின் முழங்கால் வலி, தங்கச்சி நிச்சயதார்த்தம், ஆட்டுக்கு வைத்தியம், எல்லாம் வந்தது. கடைசியில், "ரஹ்மத்தும் கேட்டுக்கோ" என்றார். டப்பென்று கேசட் நின்றுவிட்டது. எனக்கு வந்து சேர்ந்தது இரண்டே வார்த்தை. அதையும் கூட்டத்தோடு சேர்ந்து கேட்டேன்.

ஆகவே வெள்ளிக்கிழமை வார்த்தை, அந்த வீட்டில் எனக்கென்று வந்த முதல் பொருள். அதில் யாருக்கும் பங்கு இல்லை என்றுதான் ரொம்ப காலம் நம்பியிருந்தேன்.

நான் சொன்ன அர்த்தங்கள்

முதல் வார்த்தை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஓவர்மாரோ. ஒரு வாரம் யோசித்து, "நாளைக்கு நாளைக்குன்னு சொல்லி ஏமாத்துதவன்" என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு. அர்த்தம் வேறொன்றுமில்லை, நாளன்னைக்கு.

"இங்கிலீஷ்காரங்க இந்த வார்த்தையத் தொலைச்சுட்டாங்க. இப்ப நாளைக்கு அடுத்த நாளுன்னு சுத்தி வளைச்சுத்தான் சொல்லுதாங்க" என்றார்.

"பாவம். நம்மகிட்ட கேட்டிருந்தா ஒண்ணு குடுத்திருப்போம்லா" என்றேன்.

இன்னொன்று, குரோக். நான் யோசித்து யோசித்து, "கல்யாண வீட்டுல பிரியாணி தின்னுட்டு ஏப்பம் விடுதது" என்றேன். ஏறக்குறையப் பக்கத்தில் போய்விட்டேன் என்றார். அடுத்தவர் சாப்பிடுவதை, நமக்கும் தருவார்களா என்று ஆசையாகப் பார்த்துக்கொண்டே நிற்பதற்கு அந்தப் பெயராம். இதற்கு அவ்வளவு பெரிய புத்தகம் எதற்கு? குற்றாலத்துக் குரங்கு ஒன்றைக் காட்டினால் போதாதா? எங்கள் கல்யாணமான புதிதில், மெயின் அருவிப் பக்கம் அவர் எனக்காக உரித்துக்கொடுத்த மங்குஸ்தானை, என் கைக்கு வருவதற்குள் ஒரு குரங்கு வாங்கிக்கொண்டு போய்விட்டது. அது பிடுங்கவில்லை. அவர் நீட்டினார், அது வாங்கிக்கொண்டது. அவ்வளவு மரியாதையான குரங்கு.

ஒரு ஆடி மாசம் மிஸில் என்று ஒரு வார்த்தை வந்தது. நான் என்ன சொன்னேன் என்பது மறந்துவிட்டது. அர்த்தம் மட்டும் மறக்கவில்லை, சாரல். அந்த நேரம் எங்கள் தெருவில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நான் போனை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன்.

"ஒண்ணும் கேக்கலயே" என்றார்.

"சாரலுக்கு என்னைக்குச் சத்தம் இருந்துச்சு?" என்றேன். கை மட்டும் முழங்கை வரை நனைந்துபோயிருந்தது. அன்றைக்கு அவர் புது வார்த்தை சொல்ல மறந்துவிட்டார்.

பாஸ் ஆன கதை

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

மகள் சபீனா அப்போது பாளையங்கோட்டையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை லீவில் வந்திருந்தவள், நான் போனில் பேசுவதைக் கேட்டுவிட்டு, "உம்மா, வாப்பா இத்தன வருஷமா ஒனக்கு டெஸ்ட் வைக்காங்க. நீ எல்லாத்துலயும் பெயிலு" என்றாள்.

அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எனக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. நான் பத்தாம் வகுப்பைத் தட்டுத் தடுமாறித் தாண்டியவள். தனியாகக் கிடக்கிற மனுஷன், இவ்வளவு ஆசையாக வார்த்தை சேர்க்கிற மனுஷன், அவருக்கு வாய்த்த பெண்டாட்டி வாராவாரம் உளறிக்கொட்டுகிறாளே என்று எனக்கே என் மேல் வெறுப்பு வந்தது. டச் போன் அப்போது புதுசு. வார்த்தையைப் போட்டால் அர்த்தம் வரும் என்று சபீனாதான் காட்டிக்கொடுத்தாள்.

அந்த வாரத்து வார்த்தை ஆப்ரிசிட்டி. போன் சொல்லாமல் இருந்திருந்தால், ஏப்ரல் மாசத்து வேர்வை என்று சொல்லியிருப்பேன். ஆனால் நான், "குளிர்காலத்தில் வெயில் தரும் இதமான சூடு" என்றேன்.

"சரிதான்" என்றார். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானா யோசிச்சேன்" என்றேன். பொய். ஆனால் பரீட்சையில் பாஸான மாதிரி எனக்குத் தலைகால் புரியவில்லை. சபீனாவுக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தேன்.

அடுத்த வாரமும் சரி. அதற்கடுத்த வாரமும் சரி. அவருடைய "சரிதான்" மட்டும் வாராவாரம் குட்டையாகிக்கொண்டே வந்தது. இரண்டு மாசம் போயிருக்கும். "புத்தகத்துல நல்ல வார்த்தையெல்லாம் தீந்துபோச்சு" என்றார். தலையணை கனத்துப் புத்தகம் தீர்ந்துபோகுமா என்று நான் யோசிக்கவில்லை. நம்பிவிட்டேன்.

பிறகு வீடியோ கால் வந்தது. முகம் தெரிந்ததும் பேச்சு இன்னும் குறைந்துபோனது. மோட்டார் ரிப்பேர், கேஸ் புக்கிங், சபீனாவுக்கு மாப்பிள்ளை, இவ்வளவுதான். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவர் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

டீக்கடையில்

சரி, டீக்கடைக்கு வந்துவிட்டோம்.

மாரியப்பன் ஒல்லியான ஆள். கையில் மிளகாய் பஜ்ஜித் தட்டோடு எழுந்து நின்றார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, என்னைப் பார்க்காமல் ரம்புட்டான் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மைனி, ஒங்களுக்கு எங்க எட்டுப் பேரையும் தெரியாது. எங்களுக்கு ஒங்கள நல்லாத் தெரியும்" என்று ஆரம்பித்தார் மாரியப்பன்.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் எனக்குச் சொல்கிற வார்த்தையை ரூமிலும் சொல்வாராம். வாரம் முழுக்க எட்டுப் பேரும் ஆளுக்கொரு அர்த்தம் சொல்வார்களாம். ஆனால் தீர்ப்பு நாள் வெள்ளிக்கிழமை. அவர் வராந்தாவில் நின்று என்னோடு பேசிவிட்டு உள்ளே வரும்போது, எட்டுப் பேரும் வேலையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்களாம். ஷாகுல் அண்ணன் வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்பதற்கு.

"பெல்லிடிம்பர்னா பழைய இங்கிலீஷ்ல சாப்பாடு மைனி. நீங்க என்ன சொன்னீய, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. மலச்சிக்கல் என்று சொல்லியிருந்தேன். பெல்லி என்றால் வயிறு, டிம்பர் என்றால் கட்டை, வேறு என்னவாக இருக்க முடியும்?

"சிரிச்சுச் சிரிச்சு ஆலங்குளத்துக்காரன் கட்டில்ல இருந்து கீழ விழுந்துட்டான். அன்னையிலேருந்து மெஸ் சாப்பாட்டுக்கு அதுதான் பேரு. இன்னைக்கு என்னலே பெல்லிடிம்பர்னுதான் கேப்போம். புதுசா வந்தவனுக்கெல்லாம் ஒங்க கதையச் சொல்லிக் குடுத்தோம்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எனக்கே எனக்கென்று நினைத்திருந்ததை எட்டு ஆம்பிளைகள் பங்கு போட்டுத் தின்றிருக்கிறார்கள். வெட்கம் வேறு. துப்பட்டாவை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

மாரியப்பன் அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கேலி இல்ல மைனி. வெள்ளிக்கிழமைன்னா அவனவன் வீட்டுக்குப் பேசிட்டு வந்து செவரப் பாத்துப் படுத்துக்கெடப்பான். எவன் மூஞ்சியிலயும் களை இருக்காது. அண்ணன் வந்து நீங்க சொன்னதச் சொன்னாத்தான் எந்திரிச்சு உக்காருவோம். பெறவு ஒரு நாளு அண்ணன் உள்ள வந்து, 'இனிமே கெடயாதுடே. அவ கெட்டிக்காரி ஆயிட்டா'ன்னாரு. அன்னைக்கு ரூம்ல ஒருத்தனும் பேசல."

அப்போதுதான் அழுதேன். அருவி அடித்த ஈரத்தில் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். மாரியப்பன் பெண்டாட்டிக்குத் தெரிந்துவிட்டது. ஈரக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர், "பழைய கதைய விடுப்பா" என்று சொல்லிவிட்டு இன்னும் நாலு டீ சொல்லப் போனார்.

திரும்பி வரும் வழியில்

காரில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். தென்காசி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"நான் சரியாச் சொன்னதெல்லாம் போனப் பாத்துச் சொன்னது."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நீ சொன்னது அச்சடிச்ச மாதிரி இருந்துச்சு. ஒன் வாயில அப்படி வராது."

"பெறவு ஏன் கேக்கல?"

"நீ அவ்வளவு சந்தோசமாச் சொன்னியே. அதப் போய்க் கெடுக்கவா?"

இதை முதல் வாரமே என்னிடம் சொல்லியிருந்தால் என்ன? நானாவது கேட்டிருந்தால் என்ன? ஒருவரையொருவர் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, இரண்டு பேருமாகச் சேர்ந்து ஏழெட்டு வருஷத்து வெள்ளிக்கிழமைகளைப் பாழாக்கியிருக்கிறோம்.

"இப்ப ஒண்ணு சொல்லுங்க" என்றேன்.

"புத்தகத்த ரூம்லயே விட்டுட்டு வந்துட்டேன்."

"ஞாபகத்துல இருந்து சொல்லுங்க."

ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார். வாயைத் திறந்தார். மூடினார். "வர மாட்டேங்குது. நீ பக்கத்துல இருக்கும்போது வர மாட்டேங்குது, ரஹ்மத்து" என்றார்.

அவர் என்னை வேண்டுமென்றே ஏமாற்றவில்லை. அவருக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது. காசி விஸ்வநாதர் கோபுரம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஈரத்துணிகளைக் கொடியில் காயப்போட்டேன். இனி இதைக் கேட்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

அடுத்து வந்த வெள்ளி

ஜும்மா தொழுதுவிட்டு வந்தார். நெய்ச்சோறும் கறியும் வைத்திருந்தேன். நானே பரிமாறினேன். இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டார். கையைக் கழுவிவிட்டு, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி மாடிக்குப் போனார்.

நான் சாப்பிட்டு, ஏனம் கழுவிவிட்டு ஹாலுக்கு வந்தபோது போன் அடித்தது. 'வாப்பா துபாய்' என்று பெயர் வந்தது. சபீனா எப்போதோ பதிந்து கொடுத்தது, நான் மாற்றவில்லை. கை பட்டு வந்திருக்கும் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

"நான்தான்" என்றார்.

"தெரியுது. மேலதானே இருக்கீய?"

"அதெல்லாம் கேக்காத. ஒரு வார்த்தை இருக்கு."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மணியைப் பார்த்தேன். நாலு.

"மபிள்ஃபபிள்ஸ்" என்றார். நிறுத்தி நிதானமாக இன்னொரு தடவை சொன்னார். "ஒரு வாரம் டயம் இருக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை சொன்னாப் போதும்."

"ஒரு வாரம் விட்டா நான் தேடிப் பாத்துருவேன். இப்பவே சொல்லிருதேன்."

"சரி, சொல்லு."

சத்தியமாக எனக்கு அர்த்தம் தெரியாது. பல வருஷத்துக்குப் பிறகு தெரியாமல் இருப்பது எவ்வளவு சுகமாக இருந்தது. மனசில் வந்ததைச் சொன்னேன். "பேசணும்னு ஆசை இருந்தும், ரெண்டு பேரு வாய்க்குள்ளயே மொணமொணன்னுக்கிட்டு ஒரே வீட்டுக்குள்ள திரியுதது."

"தப்பு. காரணமே இல்லாம மனசு சோந்து கெடக்குததுக்குப் பேராம்" என்றார். அதோடு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இரண்டு தடவை கேட்டது. முதலில் மாடிப்படி வழியாக, பிறகு காதில் வைத்திருந்த போனில்.

எழுந்து போய் மாடிப்படிக் கதவைச் சாத்தினேன். இப்போது போனில் மட்டும் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"சாப்பிட்டீயளா?" என்று கேட்டேன்.

"சாப்ட்டேன்" என்றார். "நீ சாப்ட்டியா?"